கைதியே வழிகாட்டி!

தென் ஆப்பிரிக்காவில் கேப்டவுன் துறைமுகத்தில் படகு ஏறினால், ராபன் தீவுக்குப் போகலாம். சம உரிமை கேட்டவர்களை நிறவெறி அரசாங்கம் அங்கேதான் சிறை வைத்தது. 1997-ம் ஆண்டு முதல் அந்தச் சிறை காட்சிசாலையாக இருக்கிறது.

பயணிகள் பஸ்சில் தீவைச் சுற்றி வருகிறார்கள். வழியில் சுண்ணாம்புக்கல் குவாரி. கைதிகள் வெயிலில் கல் உடைத்த இடம் அது. வெள்ளைக் கல்லில் பட்டுத் தெறித்த வெயிலால் பலருக்குக் கண் கெட்டது.

அடுத்தது சிறைக்கூடம். நெல்சன் மண்டேலா 1964 முதல் 1982 வரை இந்தத் தீவில் இருந்தார். மூன்று எட்டு வைத்தால் அவருடைய அறை முடிந்துவிடும். முதலில் பல ஆண்டுகள் பாய்தான் படுக்கை.

இதையெல்லாம் பயணிகளுக்கு விளக்கிச் சொன்னவர்கள் யார் தெரியுமா? அதே சிறையில் வாடிய முன்னாள் கைதிகள்! பழைய வார்டர்கள் சிலரும் காட்சிசாலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அன்று பூட்டியவரும், பூட்டப்பட்டவரும் ஒரே இடத்தில் சம்பளம் வாங்கினார்கள்!