அரை நூற்றாண்டு உறங்கிய காந்த நாடா

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஒலிநாடா ஏதேனும் கிடக்கிறதா? அதைத் தூக்கி எறியுமுன் இக்கட்டுரையைப் படியுங்கள்.

2025 ஜூலையில், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சேமிப்பு அறையை ஒழித்தபோது காந்த நாடாச் சுருள் ஒன்று அகப்பட்டது. அதில் இருந்தது பெல் ஆய்வுக்கூடத்தின் யூனிக்ஸ், நான்காம் பதிப்பு. கணிப்பொறியின் உறுப்புகளை ஒருங்கே இயக்கும் ஆணைத்தொகுப்பே யூனிக்ஸ். 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் இதைத் தொடங்கினர். 1973இல் வந்த நான்காம் பதிப்பில்தான் அதன் கருப்பகுதி ‘சி’ மொழியில் எழுதப்பட்டது. அப்பதிப்பின் கையேடும் சில துண்டுகளும் மட்டுமே அதுவரை எஞ்சியிருந்தன. முழுப் பிரதி எங்கும் இல்லை என்றே எண்ணியிருந்தனர்.

நாடா எப்படி நினைவில் வைக்கிறது?

மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பசையுடன் கலந்து பூசியிருப்பார்கள். துகள்கள் எத்திசையில் காந்தமேறி நிற்கின்றன என்பதைக் கொண்டு 1, 0 என்ற இலக்கங்கள் பதிவாகின்றன. அக்காலக் கணிப்பொறி நாடாவின் அகலம் அரை அங்குலம். முழுச் சுருளின் நீளம் 2400 அடி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2700 அடி உயர்ந்து நிற்கும் நம் சின்னக் கல்வராயனுக்குச் சற்றே குறைவு!

நாடாவில் ஒன்பது தடங்கள் அருகருகே ஓடும். எட்டில் செய்தி, ஒன்பதாவது காவலாள். எட்டுத் தடங்களில் 10110010 என்று இருப்பதாகக் கொள்வோம். இதில் நான்கு 1கள் உள்ளன. மொத்தம் ஒற்றைப்படையாக வேண்டும் என்பது விதி. ஆகவே ஒன்பதாவது தடத்தில் 1 எழுதப்படும். படிக்கும்போது மொத்தம் இரட்டைப்படையாக வந்தால், ஓர் இலக்கம் பிசகிவிட்டது என அறியலாம்.

மீட்ட விதம்

நாடா நகரும்போது, மாறும் காந்தப்புலம் படிப்பானின் கம்பிச்சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. இது பாரடேயின் விதியே. சாதாரணக் கருவி அந்தக் கணமே 1 அல்லது 0 என்று முடிவு செய்துவிடும். குறிப்பு மங்கலாக இருந்தால் ‘பிழை’ என்று கைவிரிக்கும். பழைய நாடாவையோ திரும்பத் திரும்ப ஓட்ட முடியாது, பூச்சு உதிரக்கூடும்.

ஆகவே கலிபோர்னியாவின் கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தில் அல் கோசோ வேறு வழியைக் கையாண்டார். தடங்களில் எழுந்த மின்னழுத்த அலைகளை அப்படியே இக்காலக் கணிப்பொறியின் நினைவகத்தில் பதிந்துகொண்டார். லென் ஷுஸ்டெக் எழுதிய நிரல் அந்த அலைகளை ஆராய்ந்து இலக்கங்களைப் பிரித்தெடுத்தது. இதில் நாடாவுக்குச் சிரமம் ஒரு முறைதான். நிரலோ எத்தனை முறையும் முயலலாம். 2025 டிசம்பரில் யூனிக்ஸ் மீண்டது. பழைய பிடிபி-11 கணிப்பொறியைப் போலவே நடந்துகொள்ளும் நிரலின் உதவியால், அது இன்றைய கணிப்பொறிகளில் மறுபடி ஓடியது.

நமக்கு என்ன பாடம்?

ஒலிநாடாவும் திருமண வீடியோ நாடாவும் இதே இனத்தவை. கள்ளக்குறிச்சியின் கோடை வெப்பமும் கல்வராயன் மலையின் மூடுபனி ஈரமும் அவற்றுக்குப் பகை. ஈரத்தால் பசை சிதையும், பூஞ்சை படரும். மலைக் கிராமத்துப் பாட்டி பாடிய பாட்டு ஒரு நாடாவில் மட்டும் இருக்குமானால், அது அழிந்தபின் பாட்டும் இல்லை.

அத்தகைய நாடாவைக் கண்டவுடன் ஓட்டிப் பார்க்காதீர்கள். வெயிலில் உலர்த்தவும் வேண்டாம். வெண்பூஞ்சையோ பிசுபிசுப்போ தென்பட்டால் தேர்ந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால், முதல் ஓட்டத்திலேயே பிரதி எடுத்துவிடுங்கள். பிரதிகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள், மூலத்தையும் எறியாதீர்கள். ஆண்டுக்கொரு முறை பிரதியைத் திறந்து முழுதும் கேளுங்கள். திறந்து பார்க்காத பிரதி, முளைக்குமா என்று சோதிக்காத விதைநெல் போன்றது.