பயோகெமிஸ்ட்ரி படிக்கப் போகிறவர்களுக்கு

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். “தம்பிக்கு நீட்ல மார்க் வரலைங்க. பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி சேர்த்துடலாமா? அதுவும் கிட்டத்தட்ட டாக்டர் படிப்பு மாதிரிதானாமே?” கேட்கிற பெற்றோரின் கவலை புரிகிறது. ஆனாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இது மருத்துவத்துக்குப் பின்வாசல் அல்ல, தனி வழி. அந்த வழியில் என்ன இருக்கிறது என்று தெரிந்து சேர்ந்தவர்கள் மூன்று ஆண்டையும் ஆசையாகப் படிக்கிறார்கள். தெரியாமல் சேர்ந்தவர்கள் இரண்டாவது செமஸ்டருக்குள் சோர்ந்துவிடுகிறார்கள்.

உயிருள்ள செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளைப் படிப்பதுதான் உயிர்வேதியியல். காலையில் தின்ற இட்லி எப்படிக் கால் நடக்கும் சக்தியாகிறது, காயத்தில் ரத்தம் எப்படி உறைகிறது, ஈரலில் கோளாறு என்றால் கண் ஏன் மஞ்சளாகிறது என்பதெல்லாம் இதற்குள் வரும். ஒரு காலத்தில் இதையெல்லாம் உயிருக்கே உரிய தனிச் சக்தி செய்கிறது என்று நம்பினார்கள். 1897இல் ஜெர்மனியில் எட்வர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, சாறெடுத்தார். அந்தச் சாறில் சர்க்கரையைப் போட்டதும் நுரைத்துப் புளித்தது. முழு செல் ஒன்றுகூட இல்லாமலே செல்லின் வேலை நடந்தது. சாறில் இருந்தவை நொதிகள், அதாவது என்சைம்கள். புக்னருக்கு 1907இல் நோபல் பரிசு கிடைத்தது, அதுவும் வேதியியலுக்கு. பெயரில் ‘பயோ’ முன்னால் நின்றாலும் இந்தப் படிப்பில் முன்னால் நிற்பது கெமிஸ்ட்ரிதான். கெமிஸ்ட்ரி பிடிக்காமல், பயாலஜி பிடிக்கும் என்பதற்காக மட்டும் இதில் சேர வேண்டாம்.

நம் ஊர் கலை அறிவியல் கல்லூரிகளில் இது ஆறு செமஸ்டர். ப்ளஸ் டூவில் வேதியியலும் உயிரியலும் படித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். நீட் தேவையில்லை. தொடக்கத்தில் செல் உயிரியல், மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் ஆகியவற்றின் அமைப்பு, துணைப்பாடமாக வேதியியல். நடுவில் நொதிகளும் வளர்சிதை மாற்றமும். கடைசி ஆண்டில் மூலக்கூறு உயிரியல், நோய் எதிர்ப்பியல், மருத்துவமனை சார்ந்த கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வரிசை மாறலாம், சரக்கு அதிகம் மாறாது.

அந்த நடுப்பகுதிதான் படிப்பின் முதுகெலும்பு. அங்கே என்ன மாதிரி யோசிக்கச் சொல்லித் தருகிறார்கள் என்பதை ஒரே ஓர் உதாரணத்தில் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைந்ததும் அதன்மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. ஒட்டியபின் அது அப்படியே வெளியே நழுவிப் போக முடியாது. இந்த வேலையை மூளையிலும் தசையிலும் செய்வது ஹெக்ஸோகைனேஸ் என்ற நொதி, கல்லீரலில் குளுக்கோகைனேஸ். ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு பேர்? இதற்குப் பதில் ஓர் எண்ணில் இருக்கிறது. ஒரு நொதி தன் முழு வேகத்தில் பாதியை எட்ட எவ்வளவு சரக்கு வேண்டும் என்பதைச் சொல்லும் எண் அது. கே.எம். என்பார்கள். 1913இல் மிகேலிஸும் மாட் மென்டனும் தந்த சமன்பாட்டிலிருந்து வந்தது. ஹெக்ஸோகைனேஸுக்கு லிட்டருக்குச் சுமார் 0.1 மில்லிமோல் குளுக்கோஸே போதும். குளுக்கோகைனேஸுக்கு 10 மில்லிமோலுக்குப் பக்கத்தில் வேண்டும்.

இப்போது வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் எடுங்கள். சர்க்கரை 90 என்றால் 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 90 மில்லிகிராம், லிட்டருக்கு 900. குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. வகுத்தால் 5 மில்லிமோல். இந்த அளவில் மூளையின் நொதிக்குக் குறையே இல்லை. கல்லீரலின் நொதி மெதுவாகத்தான் ஓடும். சாப்பிட்டபின் சர்க்கரை ஏறும்போதுதான் கல்லீரல் வேகமெடுத்து, மிச்சத்தை கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கும். பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பிறகே மீதியைக் குதிரில் கொட்டும் வீட்டுக்காரியின் கணக்கு இது. சில குடும்பங்களில் குளுக்கோகைனேஸ் மரபணுவில் பழுது இருக்கும். அவர்களுக்குப் பிறவியிலிருந்தே ரத்தச் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக நிற்கும். ஓர் எண்ணிலிருந்து உறுப்பு, உறுப்பிலிருந்து நோய் என்று இழை பிடித்துப் போவதுதான் இந்தப் படிப்பு. இந்தப் பத்தியைப் படிக்கும்போது உங்களுக்குள் ஆவல் எழுந்திருந்தால் நீங்கள் இதற்கு ஏற்றவர்.

மனப்பாடம் நிறைய உண்டு, அதை மறைக்க மாட்டேன். குளுக்கோஸ் உடையும் கிளைக்காலிசிஸ் பத்துப் படி. அதன்பின் கிரெப்ஸ் சுழற்சி, யூரியா சுழற்சி, கொழுப்பு உடைவது, கொழுப்பு உருவாவது என்று சார்ட் நீளும். படிகளை வரிசையாக உருப்போட்டவர்கள் பரீட்சை முடிந்த வாரமே மறக்கிறார்கள். எந்தப் படியில் சக்தி செலவாகிறது, எதில் கிடைக்கிறது, எந்த நொதி வாசல்காவலாக நிற்கிறது என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டே படித்தவர்களுக்குப் பல ஆண்டு கழித்தும் நினைவிருக்கிறது. பாடமும் உறைந்த ஒன்றல்ல. ஒரு குளுக்கோஸ் முழுதாக எரிந்தால் செல்லின் சக்தி நாணயமான ஏ.டி.பி. 38 கிடைக்கும் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். இப்போதைய புத்தகங்கள் 30 அல்லது 32 என்கின்றன. இரண்டையும் பார்த்துக் குழம்பிப்போன மாணவரிடம், ஏன் குறைந்தது என்று தேடச் சொல்வேன். மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வைப் பற்றி அவர் அன்று தெரிந்துகொள்வது எந்த நோட்ஸிலும் இருக்காது.

தமிழ்வழியில் படித்து வருகிறவர்கள் சொற்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். இவை ஆங்கிலம் படித்தவருக்கும் புதியவைதான், ஏனென்றால் பெரும்பாலும் கிரேக்க வேர்கள். ‘கிளைக்கோ’ என்றால் இனிப்பு, ‘லைசிஸ்’ என்றால் பிளத்தல்: கிளைக்காலிசிஸ் என்பது இனிப்பைப் பிளப்பது. ‘நியோ’ புதிது, ‘ஜெனிசிஸ்’ உண்டாதல்: குளுக்கோநியோஜெனிசிஸ் என்பது குளுக்கோஸைப் புதிதாக ஆக்குவது. முப்பது நாற்பது வேர்ச்சொற்களைத் தனியாக ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டால் பாதிப் பாடத்தைப் பெயரே சொல்லிக்கொடுத்துவிடும்.

இனி பிராக்டிகல். என்னைக் கேட்டால் இந்தப் படிப்பின் உயிர் அங்கேதான். டெஸ்ட் டியூபில் ஐந்து மில்லி பெனடிக்ட் கரைசல், அழகான நீலம். அதில் குளுக்கோஸ் கரைசல் சில சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு. குளுக்கோஸ் எவ்வளவோ அவ்வளவுக்கு நிறம் ஏறும். சிறுநீரில் சர்க்கரை பார்க்க நெடுங்காலம் இதைத்தான் செய்தார்கள். அடுத்ததாக வீட்டுச் சீனியைக் கரைத்து விடுங்கள். நீலம் நீலமாகவே நிற்கும். நாக்குக்கு இவ்வளவு இனிக்கிற பொருள் சோதனைக்கு மட்டும் ஏன் அசையவில்லை? சுக்ரோஸில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஒன்றின் வினைபுரியும் முனையை மற்றொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கொஞ்சம் அமிலம் சேர்த்துக் காய்ச்சிப் பிரித்துவிட்டு, அமிலத்தைச் சமன்செய்து, மறுபடி பெனடிக்ட் விட்டால் சிவந்துவிடும். இன்னொரு நாள், சர்க்கரைகளிலிருந்து உருவாக்கும் ஓசசோன் படிகங்கள். மைக்ராஸ்கோப்பின் கீழ் குளுக்கோஸ் துடைப்பக் கட்டு போல, மால்டோஸ் சூரியகாந்திப் பூ போல, லாக்டோஸ் பஞ்சு உருண்டை போலத் தெரியும். முதன்முறை பார்த்தபோது நான் பக்கத்து மேஜைப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன்.

இரண்டாம் ஆண்டு முதல் நிறத்தைக் கண்ணால் பார்ப்பது போதாது, கலரிமீட்டரால் அளக்க வேண்டும். அளவு தெரிந்த ஐந்து கரைசல்களுக்கு ரீடிங் எடுத்து, கிராஃப் தாளில் நேர்கோடு போட்டு, அளவு தெரியாத ஆறாவதை அதில் வைத்துப் படிக்க வேண்டும். நான் படித்த கல்லூரியில் வகுப்புக்கே ஒரு கலரிமீட்டர். வரிசையில் நிற்பதற்குள் நேரம் கடந்து நிறம் மாறிவிடும். ஐந்து புள்ளியில் ஒன்று கோட்டை விட்டு விலகி நிற்கும். அதைப் பென்சிலால் நகர்த்தி கோட்டில் வைத்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். தயவுசெய்து நகர்த்தாதீர்கள். பிப்பெட்டில் குமிழி இருந்ததா, டியூப் சரியாகக் கழுவப்படவில்லையா என்று அந்தத் தப்பிய புள்ளியிடம் கேட்டவர்தான் நாளைக்கு ஒரு நோயாளியின் கிரியாட்டினின் அளவை நம்பிச் சொல்லக்கூடியவர்.

பாஸ்பரஸ் அளக்கும் சோதனைக்கு ரெக்கார்டு நோட்டில் ‘ஃபிஸ்கே – சுப்பாராவ் முறை’ என்று தலைப்பு எழுதுவார்கள். அந்தச் சுப்பாராவ் யார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்து அமெரிக்கா போனவர். அந்த முறை 1925இல் வெளியானது. அதே அளவீட்டின் வழியே போய், ஏ.டி.பி.யை 1929இல் கண்டறிந்தவர்களில் அவரும் ஒருவர். சென்னையோடு தொடர்புடைய இன்னொரு பெயரும் உலகத்துப் பாடப்புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது: ராமச்சந்திரன் பிளாட். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் 1963இல் வெளியிட்டது. லெனிஞ்சர், ஹார்ப்பர் என்று பெரிய புத்தகங்களைப் புரட்டும்போது இந்தப் பக்கங்களில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்கள்.

வேலை பற்றிய கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். பி.எஸ்சி. மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் துறைக்குள் நல்ல வேலை கிடைப்பது கடினம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன் ஆவதுதான் நோக்கம் என்றால் எம்.எல்.டி. படிப்பே நேர்வழி, இது சுற்றுவழி. மூன்று ஆண்டு முடித்து மெடிக்கல் கோடிங், மருந்து நிறுவனத் தரக்கட்டுப்பாடு என்று போகிறவர்கள் உண்டு. எந்தப் பட்டமும் போதும் என்கிற டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுகளும் திறந்தே இருக்கின்றன. பாடத்திலேயே நிலைக்க வேண்டுமென்றால் எம்.எஸ்சி. வரை ஐந்து ஆண்டு என்று முதல் நாளே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி. போன்றவற்றில் எம்.எஸ்சி. சேர, மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வின் பயோடெக்னாலஜி தாள் எழுதலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் முதுநிலைத் தேர்வு. எம்.எஸ்சி.க்குப் பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு பிஎச்.டி. செய்யலாம். பணத்துக்குக் குடும்பத்தைக் கேட்காமல் ஆராய்ச்சி செய்ய அது பெரிய துணை. இந்தத் தேர்வுகளின் பெயர்களைக் கடைசி ஆண்டில்தான் முதன்முதலாகக் கேள்விப்படும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. முதலாண்டிலேயே பழைய வினாத்தாள்களை எடுத்துப் பாருங்கள்.

சேர்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கல்லூரியின் கட்டடத்தையும் பேருந்தையும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், பயோகெமிஸ்ட்ரி துறையின் லேப் எங்கே என்று கேட்டு உள்ளே போங்கள். எத்தனை கலரிமீட்டர் வேலை செய்கிறது, ஒரு மேஜைக்கு எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிராக்டிகல், சோதனையை ஒவ்வொருவரும் கையால் செய்கிறார்களா, ஒருவர் செய்வதை நின்று பார்க்கிறார்களா என்று அங்கே படிக்கும் மாணவர்களிடமே கேளுங்கள். மேஜையில் கறை இருந்தால், டியூப்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தால், அந்த லேப் புழங்குகிறது. அங்கே சேருங்கள்.