ஏரிப் பாசனத்தில் வேலைப் பங்கீடு

ஏரியின்கீழ் நிலமுள்ள பட்டாதாரர்களுக்கு வயல் தனித்தனியே உரியது. கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால் ஆகியவையோ அனைவருக்கும் பொது. பொது வேலையை இன்னார் செய்வதென்று முன்னதாக வரையறுக்காவிடில், அதை ஒருவரும் செய்வதில்லை. அதன் நஷ்டம் முதலில் கடைமடையைச் சாரும். கதிர் வாங்கும் சமயத்தில் ஒரு தண்ணீர் குறைந்தாலும் மகசூலில் பெரும்பகுதி பதராய்ப் போகும்.

உத்தரமேரூர் ஏற்பாடு

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் (கி.பி. 919, 921) இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கவை. அவ்வூர்ச் சபை தன் அலுவல்களை வாரியங்களாகப் பிரித்திருந்தது. ஏரி வாரியத்திற்கு 6 பேர் குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்டனர். பதவிக் காலம் 360 நாள். முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலைக்கு இடலாகாது. சபையில் இடம் நிலமுடைய பிராமணர்க்கே இருந்தது. அவ்வரம்பு இக்காலத்திற்கு ஏலாது. ஆயினும் வேலை, ஆள், காலம், கணக்கு என்னும் நான்கையும் முன்கூட்டியே நிச்சயித்த முறை இன்றும் பொருந்தும்.

நீர்க்கட்டியின் வேலை

மதகைத் திறந்து மூடுவதும் வயல்தோறும் ஜலம் பாய்ச்சுவதும் பல கிராமங்களில் நீர்க்கட்டி அல்லது நீர்ப்பாய்ச்சி எனப்படும் ஊழியரின் பொறுப்பாயிருந்தன. சில ஊர்களில் இன்னும் அவ்வாறே உள்ளன. அவருடைய கூலி அறுவடையின்போது நெல்லாக அளக்கப்பட்டது. கடைமடை காய்ந்தால் அவருக்கும் வருமானம் குறையுமாதலால், ஜலத்தைச் சரியாகப் பகிர்வதில் அவருக்கும் அக்கறையிருந்தது. ஏரியில் ஜலம் குறைந்ததும் முறை வைத்துப் பாய்ச்சுவார். அக்காலத்தில் பட்டாதாரர் எவரும் தம் மடையைத் தாமே திறக்கலாகாது. இக்கட்டுப்பாடு குலைந்த ஊரில் ஒவ்வொருவரும் இரவில் விழித்திருந்து தம் வாய்க்காலைக் காக்க நேரிடும். வீண் சச்சரவும் விளையும்.

சட்டமும் கிராம ஏற்பாடும்

வழக்கமான குடிமராமத்து வேலையைக் கட்டாயப்படுத்த 1858-ம் வருஷத்திலேயே சட்டம் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் 2000-ம் வருஷத்துச் சட்டம் பாசன நிலமுடையோர் சங்கங்களுக்கு வழி செய்தது. எனினும் எந்தக் காலை யார் வெட்டுவதென்பதைச் சட்டம் சொல்லாது. கிராமத்தாரே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்குரிய விஷயங்களாவன:

1. வரத்துக்காலை நில விஸ்தீரணத்திற்குத் தக்கபடி பங்கிட்டு அளந்து, ஒவ்வொரு பங்கிற்கும் உரியவர் பெயரை எழுதிவைத்தல். வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர் வாரி முடித்தல்.

2. மழைக்காலத்தில் கரைக் காவலுக்கு நாள்தோறும் முறையாட்களைக் குறித்தல். மணல் மூட்டைகளைத் தயாராக வைத்தல்.

3. ஜலமட்டம் எந்த அளவுக்கு இறங்கினால் முறைப்பாசனம் தொடங்கும் என்பதை ஏரி நிறைந்திருக்கும்போதே தீர்மானித்தல். வறட்சி வந்தபின் செய்யும் தீர்மானத்திற்குத் தலைமடையார் இணங்குவது அரிது.

4. வரவு செலவை வருஷந்தோறும் குறித்த நாளில் அனைவர் முன்னிலையிலும் வாசித்தல்.

கிராம உத்தியோகஸ்தர்கள் இத்தீர்மானங்களை எழுத்து மூலமாக்கி, பொதுவிடத்தில் ஒட்டிவைக்கச் செய்வது நலம். பெயரும் தேதியும் எழுதப்பட்ட வேலைக்கே பொறுப்புக் கேட்க இயலும்.