அறுபது சீட்டில் ஒரு மழை

ரம்மியில் கைக்கு வந்த சீட்டை வைத்துத்தான் ஆடியாக வேண்டும். போக்கிமான் சீட்டாட்டத்தில் அப்படியில்லை. 60 சீட்டுக் கட்டை ஆட்டக்காரரே சேர்க்கிறார். மேசையில் உட்காரும் முன்பே பாதி ஆட்டம் தீர்மானமாகிவிடுகிறது. ஜப்பானில் 1996-லும் ஆங்கிலத்தில் 1999-லும் வந்த முதல் தொகுப்பு, அடுத்து வந்த ஜங்கிள், ஃபாசில் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பழைய விதிப்படியே ஆடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கட்டுகளில் எனக்கு மிகப் பிடித்தது 'ரெயின் டான்ஸ்'. முழுக்க முழுக்க நீர்.

அதன் உயிர் ஒரே சீட்டில் இருக்கிறது: பிளாஸ்டாய்ஸ், முதுகில் பீரங்கி சுமக்கும் ஆமை. ஒருவர் தன் முறையில் ஒரே ஒரு எனர்ஜி சீட்டைத்தான் வைக்கலாம் என்பது ஆட்டத்தின் அடிப்படை விதி. மூன்று எனர்ஜி கேட்கும் தாக்குதலுக்கு மூன்று முறை காத்திருக்க வேண்டும். பிளாஸ்டாய்ஸ் களத்தில் இருந்தால் அந்தக் கட்டுப்பாடு நீர் போக்கிமான்களுக்கு இல்லை. கையில் எத்தனை நீர் எனர்ஜி இருக்கிறதோ, அத்தனையையும் ஒரே முறையில் கொட்டலாம்.

நீர்க் கட்டு என்றதும் புதியவர்கள் தங்களிடமுள்ள நீர் போக்கிமான்களையெல்லாம் சேர்த்துவிடுகிறார்கள்: கியாரடோஸ், ஸ்டார்மி, டியூகாங், பாலிராத். பார்க்க அழகான கட்டு, ஆடினால் தோற்கும். இவை ஒவ்வொன்றும் வேறொரு சிறிய போக்கிமானிலிருந்து வளர வேண்டியவை. கையில் கியாரடோஸ் இருக்கும், மேஜிகார்ப் இருக்காது. மேஜிகார்ப் வந்தாலும் அதன் உயிர்ப்புள்ளி 30தான். எதிரியின் ஹிட்மான்சான் ஒரே எனர்ஜியில் 20 அடிக்கும். அடியைக் கூட்டும் ஒரு பிளஸ்பவர் சேர்த்தால் கதை முடிந்தது. ஆகவே கட்டைச் செதுக்கும்போது முதலில் வெளியேற வேண்டியவை நாம் ஆசையாகச் சேர்த்த இவைதான். அந்த இடத்துக்கு ஃபாசில் தொகுப்பின் ஆர்ட்டிகுனோ வருகிறது. அது எதிலிருந்தும் வளர வேண்டியதில்லை, பலவீனம் எதுவும் கிடையாது. மூன்று நீருக்கு 30 அடி. நாணயத்தில் தலை விழுந்தால் எதிராளியை முடக்கியும் விடும். பிளாஸ்டாய்ஸ் பின்னால் இருந்தால், இறங்கிய முறையிலேயே அடிக்கும்.

இனி உண்மையான வேலை. பிளாஸ்டாய்ஸ் வர முதலில் ஸ்கிவர்ட்டில் வேண்டும். அடிப்படை எனர்ஜி தவிர, ஒரே பெயரில் நான்கு சீட்டுக்கு மேல் வைக்க முடியாது. நான்கையும் வைத்தாலும், முதலில் எடுக்கும் ஏழு சீட்டில் ஒரு ஸ்கிவர்ட்டிலாவது இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம்தான். மீதி 60 சதவீதத்தை ஈடுகட்டுபவை ட்ரெய்னர் சீட்டுகள். பில் இரண்டு சீட்டு தரும். புரொபசர் ஓக், கையிலுள்ளதையெல்லாம் போடவைத்துப் புதிதாக ஏழு தருவார். கம்ப்யூட்டர் சர்ச், இரண்டு சீட்டைப் பலி வாங்கிக்கொண்டு கட்டில் எது வேண்டுமோ அதை எடுத்துக் கொடுக்கும். போக்கிமான் பிரீடர், நடுவிலுள்ள வார்ட்டார்ட்டிலைத் தாண்டி நேராக பிளாஸ்டாய்ஸுக்குக் கொண்டுபோகும். முதல் முறையில் ஸ்கிவர்ட்டில் இறங்கினால் இரண்டாம் முறையிலேயே ஆமை தயார். அன்றைய விதியில் ஒரே முறையில் எத்தனை ட்ரெய்னரும் ஆடலாம். அதனால் நல்ல ரெயின் டான்ஸ் கட்டில் ஏறக்குறைய பாதி ட்ரெய்னர்களாகவே இருக்கும். ஒரு சொட்டு நீர்கூட வரையப்படாத இந்தச் சீட்டுகள்தான் மழையைக் கொண்டுவருகின்றன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எதிரே பெரும்பாலும் 'ஹேமேக்கர்' கட்டு இருக்கும்: ஹிட்மான்சான், எலக்டாபஸ், சைதர். வளரத் தேவையில்லாத, முதல் முறையிலிருந்தே அடிக்கும் கூட்டம். பிளாஸ்டாய்ஸுக்கு மின்சாரம் பலவீனம். எலக்டாபஸின் அடி அதன்மேல் இரட்டிப்பாக விழும். ஆகவே ஆமையைப் பெஞ்சிலேயே வைத்து ஆர்ட்டிகுனோவை முன்னால் நிறுத்த வேண்டும். எதிரி கஸ்ட் ஆஃப் விண்ட் போட்டு ஆமையை முன்னால் இழுத்தால், பின்வாங்க மூன்று எனர்ஜி செலவாகும். ஒரு ஸ்விட்ச் சீட்டு அங்கே உயிர் காக்கும். வைத்த எனர்ஜியைப் பறிக்கும் எனர்ஜி ரிமூவல் மற்றவர்களுக்கு ஒரு முறையை வீணாக்கும் அடி. இந்தக் கட்டோ கையில் நீர் இருக்கும்வரை உடனே திரும்ப வைத்துவிடும். கை வறண்டுபோகாமல் இருக்க, கழிந்த எனர்ஜியை மீட்டுத் தரும் எனர்ஜி ரிட்ரீவல் குறைந்தது மூன்று வேண்டும் என்பேன்.

கடைசியாக ஒரு சீட்டு. மக் என்ற போக்கிமான் களத்தில் இருந்தால், அதன் விஷவாயு என்ற சக்தியால் பிளாஸ்டாய்ஸின் சக்தி உட்பட மற்ற எல்லா போக்கிமான் சக்திகளும் அணைந்துவிடும். பலர் இதற்குப் பயந்து கட்டையே மாற்றுகிறார்கள். தேவையில்லை, ஒரே ஒரு லாப்ராஸ் போதும். அதன் கன்ஃபியூஸ் ரே இரண்டே நீர் கேட்கிறது. பிளாஸ்டாய்ஸின் உதவியில்லாமலேயே இரண்டு முறையில் தயாராகிவிடும். கஸ்ட் ஆஃப் விண்ட் போட்டு மக்கை முன்னால் இழுத்து அடித்து, நாணயத்தில் தலை விழுந்தால் மக் குழம்பும். குழம்பிய மக்கின் விஷவாயு வேலை செய்யாது. எதிரி அதைப் பின்னுக்கு இழுத்துத் தெளிய வைக்காவிட்டால், அடுத்த முறையில் கையிலுள்ள நீர் முழுவதையும் மறுபடி கொட்டலாம்.