ரேகை போன நாள்

சட்டப் புத்தகத்தில் அதன் பெயர் குற்றப் பரம்பரைச் சட்டம். உசிலம்பட்டிப் பக்கம் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'. பத்து விரலையும் மையில் தோய்த்து, தாளில் உருட்டி, அரசாங்கம் பத்திரப்படுத்திக்கொண்டதால் வந்த பெயர். திருடியவனின் ரேகையை எடுப்பது எந்த நாட்டிலும் நடப்பதுதான். இங்கே ரேகை எடுத்தது இன்ன சாதியில் பிறந்ததற்காக.

ரேகை வைத்தவனுக்கு இரவு சொந்தமில்லை. கடுமையாகக் கண்காணிக்கப்பட்டவர்கள் இரவு 11 மணிக்கும், மறுபடி விடிகாலை 3 மணிக்கும் ஆஜர் சொல்ல வேண்டும். இடையில் வீட்டுக்குப் போய்த் திரும்புவது ஆகிற காரியமா? காவல் நிலையத்து வாசலிலோ ஊர்ச் சாவடியிலோ துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். இரவு முறையில் வயலுக்குத் தண்ணீர் வந்தாலும், வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டாலும், பெற்றவர் சாகக் கிடந்தாலும் ஆஜர் தவறக் கூடாது. கல்யாணமான அன்றைக்கே மாப்பிள்ளை சாவடிக்குப் போய்ப் படுத்த கதையை அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. வெளியூர் போக வேண்டுமானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். எந்த ஊருக்கு, என்ன காரியமாக, என்றைக்குத் திரும்புவான் என்பதெல்லாம் அதில் இருக்கும். போன ஊரில் அதைக் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் சிறை.

ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுக்கிறோம். சுதந்திரம் என்றால் என்னவென்று பள்ளியில் பேச்சுப் போட்டியும் வைக்கிறோம். அந்தக் கேள்விக்கு நான் அறிந்த மிகத் தெளிவான பதில் இந்தச் சாவடிக் கதைகளில்தான் இருக்கிறது. சொந்த வீட்டில், சொந்தப் பாயில், விடியும்வரை படுத்துத் தூங்கலாம். யாரிடமும் கேட்காமல் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய் வரலாம். அது இல்லாமல் இருந்தவர்களுக்கு அது வந்த நாள் தெரியும். அவர்கள் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். நாட்டின் பல பகுதிகளில் அந்த மக்களின் விடுதலைத் திருநாள் ஆகஸ்ட் 31. 'விமுக்த தினம்' என்பது அதன் பெயர்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு, ஊர் ஊராகச் சுற்றுகிற எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் வெள்ளை அரசாங்கத்துக்குச் சந்தேகம் வந்தது. 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டார்கள். தச்சன் மகன் தச்சனாகிறான், நெசவாளி மகன் நெசவாளியாகிறான், ஆகவே திருடன் மகன் திருடனாகத்தான் பிறக்கிறான் என்பது அவர்கள் வாதம். முதலில் வடநாட்டில் மட்டும் இருந்த சட்டம், 1911-இல் திருத்தப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. ஒரு சாதியைக் குற்றப் பரம்பரை என்று அரசாங்கம் அறிவித்துவிட்டால் அந்த அறிவிப்புச் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. இந்த ஒரு விதியில்தான் அந்தச் சட்டத்தின் விஷம் முழுவதும் இருந்ததாக நினைக்கிறேன். கொலை செய்தவன்கூட மேல்முறையீடு செய்யலாம். பிறந்துவிட்ட குற்றத்துக்கு எங்கே போய் மேல்முறையீடு செய்வது?

குறவர்களில் ஒரு பிரிவினர் மாட்டிலும் கழுதையிலும் உப்பும் தானியமும் ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே வணிகம் செய்தவர்கள். ரயில் வந்தது. உப்பு அரசாங்கத்தின் பிடிக்குள் போனது. பிழைப்பு போனவர்கள் பிழைப்பில்லாமல் அலைகிறார்கள் என்பதே அவர்களைக் குற்றப் பட்டியலில் ஏற்றப் போதுமான காரணமாயிற்று. அவர்களை அடைத்துவைக்கத் தனிக் குடியிருப்புகளும் எழுந்தன. அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூர்ப் பகுதியில் 1913-இல் அமைந்த ஸ்டூவர்ட்புரம் அவற்றில் ஒன்று. இரட்சணிய சேனை அதை நடத்தியது.

மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களின் கதை வேறு. ஊர்க்காவல் அவர்களின் பழைய தொழில். விளைச்சலில் ஒரு பங்கு காவல் கூலி. களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். வெள்ளைக்காரன் போலீஸைக் கொண்டுவந்ததும் அந்தக் காவலுக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போயிற்று. களவு நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. துப்புக்கூலி வாங்கிக்கொண்டு மாட்டைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. மாட்டைப் பறிகொடுத்த சம்சாரியின் வயிற்றெரிச்சலும் உண்மை. ஆனால் களவுக்குத் தண்டனைச் சட்டம் இருந்தது, சாட்சி இருந்தது, நீதிமன்றம் இருந்தது. அதையெல்லாம் தள்ளிவிட்டு, மண்வெட்டியைத் தவிர வேறெதையும் தொடாதவனையும் சாவடியில் படுக்கவைத்ததுதான் அநியாயம்.

அந்த அநியாயத்துக்கு ஓர் ஊர் 'முடியாது' என்று சொன்னது. உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர். 'எங்கள் ஊரில் குற்றம் செய்தவர் யார்? நாங்கள் ஏன் ரேகை வைக்க வேண்டும்?' என்பது அவர்கள் கேள்வி. 1920 ஏப்ரல் 3 அன்று ஆயுதப் போலீஸ் ஊருக்குள் வந்தது. மக்கள் திரண்டு நின்றார்கள். துப்பாக்கிகள் வெடித்தன. 16 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரே பெண் மாயக்காள். குண்டடி பட்டுத் தாகத்தில் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது.

ஜாலியன்வாலாபாக் நடந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. அமிர்தசரஸில் நடந்தது நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும், தெரியத்தான் வேண்டும். மதுரையிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய பெருங்காமநல்லூரை மதுரைப் பிள்ளைகளிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 3 அன்று மாலையும் விழுகிறது. மற்ற நாட்களில் அந்தப் பக்கம் போகிற பேருந்துகளில் எவரும் அதைக் காட்டிச் சொல்வதில்லை.

அந்த மக்களுக்காக வழக்காடியவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்த மலையாளி, மதுரையில் தொழில் நடத்திய பாரிஸ்டர், காந்தியோடு நின்ற காங்கிரஸ்காரர். அவருக்கும் உசிலம்பட்டிக்கும் சாதியால் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் அவர்களுக்காக நீதிமன்றப் படியேறினார். மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருள்ளவர்கள் அந்த வட்டாரத்தில் இன்றும் உண்டு. ஒரு வக்கீலுக்கு இதைவிடப் பெரிய கூலி என்ன இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு எதிர்ப்பு பரவியது. முத்துராமலிங்கத் தேவர் 1930-களில் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். ப. ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி போன்ற பொதுவுடைமைத் தலைவர்களும் குரல் கொடுத்தார்கள். 1936-இல் நெல்லூரில் பேசிய நேரு, ஒரு கூட்டத்தார் முழுவதையும் குற்றவாளிகள் என்று வகைப்படுத்தவே கூடாது என்று கண்டித்தார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான அரசில் ப. சுப்பராயன் உள்துறை அமைச்சராக இருந்தபோது, 1947 ஜூன் மாதம், சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் ஒழிந்தது. நாட்டுக்கு விடுதலை வருவதற்கு இரண்டு மாதம் முன்பே நம் பக்கத்து மக்களுக்கு வீட்டில் தூங்கும் உரிமை வந்துவிட்டது. தமிழ்நாடு பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி இது.

மற்ற பல மாகாணங்கள் காத்திருந்தன. நள்ளிரவில் நேரு பேசி, கொடி ஏறி, அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் சட்டம் இருந்தது. 1949-இல் அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் அமைந்த குழு, இதை நாடு முழுவதும் நீக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1952 ஆகஸ்ட் 31 அன்று நீங்கியது. சுதந்திர நாளிலிருந்து எண்ணினால் 5 ஆண்டு 16 நாள். விமுக்த தினக் கூட்டங்களில் இந்தக் கணக்கைப் பேசாத பேச்சாளர் குறைவு. அந்த 16 நாளையும் விடாமல் எண்ணுகிறார்கள் பாருங்கள், அதில் இருக்கிறது அவர்கள் பட்ட வலி.

சட்டம் போனது, சந்தேகம் போகவில்லை. சென்னை மாகாணத்திலேயே 1948-இல் 'வழக்கமான குற்றவாளிகள்' மீது கட்டுப்பாடு விதிக்கும் வேறொரு சட்டம் வந்துவிட்டது. மற்ற மாநிலங்களும் அதே வழியில் போயின. சட்டப்படி அது தனிமனிதரைப் பற்றியது, சாதியைப் பற்றியதல்ல. ஆனால் ஊரில் நகை காணாமல் போனால் முதலில் எந்தத் தெருவுக்கு ஜீப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். 'ஜெய் பீம்' படத்தைப் பார்த்துக் கண் கலங்கினோம். படத்தில் இருளர் குடும்பமாகக் காட்டப்பட்டது, உண்மையில் 1993-இல் கடலூர்ப் பகுதியில் காவலில் ஒருவரைப் பறிகொடுத்த குறவர் குடும்பத்தின் கதை. ரேகைச் சட்டத்தின் பட்டியலில் இருந்த அதே குறவர்கள். இத்தகைய சட்டங்களை நீக்கும்படி 2007-இல் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு இந்தியாவிடம் சொன்னது. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சில மாநிலங்களின் சிறை விதிப் புத்தகங்கள் சீர்மரபினர் என்று இன்று அழைக்கப்படும் அந்தப் பழைய பட்டியல் மக்களை இன்னமும் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்ப்பதைச் சுட்டிக்காட்டி அந்த விதிகள் செல்லாது என்றது. சட்டம் நீங்கி 72 ஆண்டு கழித்து!

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். சீர்மரபினர், நாடோடிகள், அரை நாடோடிகள் எல்லோரும் சேர்ந்து நாட்டில் 10 கோடிக்கு மேல் இருப்பார்கள் என்று 2008-இல் ரேன்கே ஆணையம் மதிப்பிட்டது. அவர்களுக்கென்று ஒன்றிய அரசு 2022-இல் தொடங்கிய திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒதுக்கியது 200 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து ஆளுக்கு 20 ரூபாய்கூட வரவில்லை. தமிழ்நாட்டில் 68 சமூகங்கள் சீர்மரபினர் பட்டியலில் இருக்கின்றன. 1979-இல் ஓர் அரசாணை அவர்கள் பெயரிலிருந்து 'பழங்குடி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'வகுப்பு' என்று போட்டது. அந்தச் சொல்லைத் திரும்பப் பெற 2019 வரை போராட வேண்டியிருந்தது.

இத்தனை குறை இருக்கும்போது ஏன் கொண்டாட வேண்டும்? அகமதாபாத் சாரா நகர் மக்கள் அதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். அவர்களும் ஒரு காலத்தில் வேலிக்குள் அடைக்கப்பட்டவர்களின் வாரிசுகள். 1998-இல் வங்காளத்துப் புருலியாவில் புதன் சபர் என்ற பழங்குடி இளைஞர் போலீஸ் காவலில் செத்துப்போனார். எழுத்தாளர் மகாசுவேதா தேவி அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். சாரா நகர் இளைஞர்கள் அந்தச் சாவை நாடகமாக்கித் தெருவில் நடித்தார்கள். தங்கள் குழுவுக்கே 'புதன் தியேட்டர்' என்று பெயர் வைத்தார்கள். திருடர் தெரு என்று ஊர் ஒதுக்கிய இடத்திலிருந்து இன்று நடிகர்களும் வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் வருகிறார்கள்.

விமுக்த தினத்தில் கொட்டு அடிப்பதும் ஊர்வலம் போவதும் தங்களுக்குள் மகிழ்ந்துகொள்ள மட்டுமல்ல என்பது என் எண்ணம். 'நாங்கள் திருடர்கள் இல்லை, எங்கள்மீது போட்ட பழியை நாட்டின் நாடாளுமன்றமே எடுத்துவிட்டது' என்று அக்கம்பக்கத்தாருக்கு ஆண்டுக்கு ஒருமுறை உரக்கச் சொல்கிறார்கள். சேதி அவர்களுக்கு 1952-லேயே வந்துவிட்டது. மற்றவர்களுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை. வீடு வாடகைக்குக் கேட்டு வருகிறவரிடம் சாதியைக் கேட்டு முகம் சுளிப்பவருக்கும், நரிக்குறவப் பெண் கடைக்குள் நுழைந்தால் விரட்டுகிறவருக்கும் அது வந்து சேரவில்லை.

மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இருநூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அந்தப் பெயர்ப் பலகைக்குப் பின்னால் உள்ள வரலாறு முழுக்க இந்தச் சட்டத்தின் வரலாறுதான். அங்கே பணிபுரிகிற ஆசிரியர்களிடமும், தமிழ்நாட்டின் மற்றப் பள்ளி ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வருகிற ஆகஸ்ட் 31 அன்று காலை இறைவணக்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சாவடியில் படுத்தவர்களைப் பற்றி, ரோசாப்பூ துரையைப் பற்றி, தண்ணீர் கொண்டு போன மாயக்காளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.