கார்னர் கிக் வரையத் தெரிந்தவர்

கால்பந்துக் கதை ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், காமிக்ஸாக வரைய ஆள் கிடைக்கவில்லை என்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது: எப்படிப்பட்ட ஆளைத் தேடுகிறீர்கள்? "முகமெல்லாம் அழகா வரையணும்" என்பார்கள். டீயைக் குடியுங்கள், நிதானமாகப் பேசுவோம். முகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு செய்தி. அந்தத் தொடரின் பெரும்பகுதியை எழுதிய டாம் டல்லிதான், பிற்பாடு இங்கிலாந்தின் புகழ்பெற்ற கால்பந்துத் தொடரான 'ராய் ஆஃப் தி ரோவர்ஸ்' கதையையும் பல ஆண்டுகள் எழுதினார். மாயாவியை வரைந்தவரோ ஸ்பெயின்காரர், ஹேசுஸ் பிளாஸ்கோ. அன்றைக்கு எழுதுகிறவர் ஓவியரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்கிரிப்டைப் பத்திரிகை ஆசிரியர் வாங்கி, தகுந்த கைக்கு அனுப்பிவிடுவார். 1954இல் 'டைகர்' வார இதழில் ராய் தொடங்கியபோது ஃபிராங்க் பெப்பர் எழுத, ஜோ கஹூன் வரைந்தார். இன்று நீங்கள் தனியாகக் கிளம்பினால், ஆசிரியரின் அந்த வேலையும் உங்கள் தலையில்தான்.

சரி, எதைப் பார்ப்பது? ஒரு கார்னர் கிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் கொடியோரம் பந்தை வைக்கிறார்கள். அடுத்ததில் கோல் முன்னால் தள்ளுமுள்ளு. ஒருவன் இன்னொருவன் ஜெர்சியைப் பிடித்து இழுக்கிறான். மூன்றாவதில் நம் ஸ்ட்ரைக்கர் எம்பிவிட்டான், பந்து இன்னும் வந்து சேரவில்லை. நான்காவதில் கோலியின் விரல்நுனி. எம்புகிறவனின் எடை எந்தக் காலிலிருந்து கிளம்பியது, இழுபடுகிறவனின் தோள் எந்தப் பக்கம் சாய்ந்தது, கோல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதெல்லாம் வசனம் இல்லாமலே புரிய வேண்டும். திசை மாறினால் வாசகருக்கு யார் யாருக்கு கோல் அடிக்கிறார்கள் என்றே தெரியாது.

ஆகவே, மெருகேற்றி முடித்த படங்களைவிட ஸ்கெட்ச் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். கபடி, சிலம்பம், பஸ்ஸில் தொற்றி ஏறுகிற கூட்டம் என்று ஓடுகிற உடம்பை நேரில் பார்த்து வரைகிறவராக இருந்தால், கால்பந்து விதிகளை ஒரே சாயங்காலத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இன்ஸ்டாகிராமில் தேடும்போதும், ஓவியக் கல்லூரிக் கண்காட்சிக்குப் போகும்போதும் இதே கண்ணோடு பாருங்கள்.

உங்கள் பங்கும் உண்டு. "பந்தை வாங்கி, இரண்டு பேரை ஏமாற்றி, கோல் அடித்தான்" என்று ஒரே கட்டத்துக்கு எழுதாதீர்கள்; அது மூன்று கட்டம். 22 பேரையும் எல்லாக் கட்டத்திலும் வரைய எந்தக் கையாலும் முடியாது. ராய் கதைகளில் ஆட்டத்தின் போக்கைப் பார்வையாளர்களே பேசிச் சொல்வார்கள். ஓவியரின் கையைக் காப்பாற்றும் அருமையான உத்தி அது.

கதையின் சுவையும் கைக்குப் பொருந்த வேண்டும். 2018இல் தொடங்கிய ஜப்பானின் 'ப்ளூ லாக்'கில் முனேயுகி கனேஷிரோ எழுத, யூசுகே நோமுரா வரைகிறார். அதில் ஆட்டக்காரன் கண்ணில் தெரிகிற வெறிதான் கதை. உங்களுடையது ஊர் மைதானத்து நட்பைப் பற்றியதென்றால் அந்தக் கோடு உதவாது.

ஆள் அமைந்ததும் ஒரு பக்கம் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள், காசு கொடுத்து. ஒரு பக்கம் வரைய நாள்கணக்கில் ஆகும். அதை இனாமாகக் கேட்பது அநியாயம். பிடித்திருந்தால் நான்கு பக்கத்தில் முடிகிற சின்னக் கதையை முதலில் சேர்ந்து செய்யுங்கள். பக்கத்துக்கு எவ்வளவு, உரிமையில் யாருக்கு எத்தனை பங்கு, அட்டையில் யார் பெயர் எப்படி வரும் என்பதை அதற்கு முன்பே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.