உஷார்! தரையில் சொட்டாத டீசல் கசிவு

காலையில் சாவியைத் திருப்புகிறீர்கள். டீசல் கார் பிடிக்கிறது, சில வினாடி ஓடுகிறது, ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிடுகிறது. மறுபடி நீளமாகச் செல்ஃப் அடித்தால் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. "மழைக் குளிர், அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். விடாதீர்கள்! பெரும்பாலும் இது குளிர் செய்யும் வேலை இல்லை. டீசல் லைனுக்குள் எங்கோ காற்று புகுகிறது. மெக்கானிக் மொழியில், வண்டி 'ஏர் பிடிக்கிறது'.

இன்று காலையில் அணைந்த வண்டி நாளை எங்கே அணையும் என்பதுதான் கவலை. தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, காரைக்குடி என்று நாலு திசைக்கும் திருவாரூர் ஜங்ஷனிலிருந்து ரயில் பாதை போகிறது. ஊரை விட்டு எந்தப் பக்கம் கிளம்பினாலும் கேட் வராமல் இருக்காது. கேட்டில் நின்று, ஐடிலிங்கில் ஓடி, தண்டவாளத்தின் மேல் ஏறும்போது இன்ஜின் அணைந்தால்? மன்னார்குடி சாலையில் நெல் மூட்டை ஏற்றிய லாரியை முந்தும்போது இழுவை செத்தால்? இன்ஜின் அணைந்துவிட்டால் பிரேக்குக்கு வேக்குவம் கிடையாது. ஓரிரு மிதிக்கு மேல் பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கனத்துப் போகும். சாலையோரத்தில் வாய்க்கால் இல்லாத இடம் நம் பக்கத்தில் எவ்வளவு தூரம் இருக்கிறது, சொல்லுங்கள்.

இந்தக் கோளாறு ஏமாற்றுவது எப்படி என்றால், காருக்கு அடியில் ஒரு சொட்டு டீசல்கூட இருக்காது. சொட்டு இல்லை, எனவே கசிவு இல்லை என்று மனசு சொல்லும். இதை டெல்டாக்காரருக்கு விளக்கப் பெரிய பாடம் தேவையில்லை. வயலில் ஆயில் இன்ஜின் பம்ப் வைத்தவர்களுக்குத் தெரியும்: உறிஞ்சு குழாயின் இணைப்பு லேசாக விட்டிருந்தால் தண்ணீர் வெளியே ஒழுகாது. உள்ளே காற்றை இழுத்துக்கொண்டு பம்ப் சும்மா சுற்றும், வாய்க்காலுக்குத் தண்ணீர் வராது. காரிலும் அதே கதைதான். டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாகப் பம்ப் வரை வரும் லைனில் இருப்பது உறிஞ்சல். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதே அதிகம். பம்புக்கு அப்பால் இருப்பது அழுத்தம், அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் பீய்ச்சும். (டேங்குக்குள்ளேயே மின்சாரப் பம்ப் வைத்த கார்களில் முதல் பாதியிலும் அழுத்தம் உண்டு. உங்கள் வண்டி எந்த ரகம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

டீசலை அமுக்கினால் அது நாசில் வரை அப்படியே தள்ளும். காற்றை அமுக்கினால் சுருங்கிக்கொள்ளும். பம்பின் முழு உழைப்பும் அந்தச் சுருக்கத்திலேயே தீர்ந்துவிட, நாசில் திறக்காது. இதைவிட மோசமான சேதி ஒன்று உண்டு. ரோட்டரி பம்புக்கும் காமன் ரெயில் பம்புக்கும் டீசலேதான் எண்ணெய். காற்று கலந்தால் உள்ளே இரும்பு இரும்பை வறட்சியாகத் தேய்க்கும். அப்படித் தேய்ந்து உதிரும் துகள் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போய்விட்டால் செலவு லட்சத்தைத் தொடும். ஆரம்பத்தில் போயிருந்ததோ சில பத்து ரூபாய் ரப்பர் வளையம்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததோடு மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. இன்று நம் தெருக்களில் ஓடும் டீசல் ஸ்விஃப்ட், டிசையர் எல்லாமே வயதானவை, பல கைமாறியவை. ஓஸ் விறைத்து, ஓ-ரிங் தட்டையாகிவிடும் வயது அது. போதாக்குறைக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் தண்ணீர் ஏறினால் வரப்பு வளையில் இருக்கும் எலி மேட்டைத் தேடி வரும். பானெட்டுக்குள் கதகதப்பு உண்டு, கடித்துப் பழக ரப்பர் ஓஸும் உண்டு. பயிருக்குக் கிட்டி வைக்கிறவர்கள் காரை மறந்துவிடுகிறோம்.

அறிகுறிகளைக் கவனியுங்கள். டேங்க் நிறைய இருக்கும்போது நன்றாக ஓடி, கால் டேங்குக்குக் கீழே போனதும் தகராறு செய்கிறதா? மூக்கு மேடாக நிறுத்திய மறுநாள் அதிகம் அடம் பிடிக்கிறதா? (நம் ஊரில் மேடு ஏது என்பீர்கள். ஆற்றுக் கரைக்கு ஏறும் சரிவு போதும், டீசல் இரவோடு இரவாக டேங்குக்கே திரும்பிவிடும்.) ஃபில்டர் தலையில் கைப் பம்ப் இருந்தால், காலையில் செல்ஃப் அடிக்கும் முன் அது கெட்டியாகும் வரை அமுக்கிப் பாருங்கள். உடனே பிடித்தால் குற்றவாளி காற்றுதான் என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். ஹீட்டர் பிளக் போயிருந்தால் எவ்வளவு அமுக்கினாலும் மாற்றம் இருக்காது. பேட்டரி மட்டம் என்றால் செல்ஃப் சுற்றும் வேகமே குறையும்.

அடுத்து, கண்ணாடி போன்ற டீசல் ட்யூப் சோதனை. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு முழம் மாட்டி இன்ஜினை ஓட விட வேண்டும். மாட்டிய புதிதில் குமிழ் வருவது சகஜம். சில நிமிடம் கழிந்தும் சரம் சரமாக வந்தால் கசிவு உண்டு. பிறகு அதே ட்யூபை ஃபில்டருக்கு முன்னால் மாற்றிப் பாருங்கள். முன்னால் சுத்தம், பின்னால் குமிழ் என்றால் ஃபில்டரில்தான் ஓட்டை. பெரும்பாலும் சமீபத்தில் சர்வீஸ் செய்த இடத்தில்தான் இருக்கும்: முறுக்கிக்கொண்ட ஓ-ரிங், சரியாக மூடாத தண்ணீர் வடிப்புத் திருகு, பழையதையே மறுபடி போட்ட செம்பு வாஷர். இரண்டு இடத்திலும் குமிழ் என்றால் டேங்க் பக்கமாகத் தேட வேண்டும். அப்போது காரை நிறுத்தி வைத்து, கேனில் சுத்தமான டீசல் எடுத்து, சைலன்ஸர் சூட்டிலிருந்து தள்ளி வைத்து, பம்புக்கு நேரே கொடுத்துப் பார்ப்பார்கள். அதில் நன்றாக ஓடினால் பம்ப் நிரபராதி. இன்ஜெக்டர் தலையில் இருக்கும் மெல்லிய ரிட்டர்ன் ஓஸ்களையும் விட்டுவிடக் கூடாது. இரவில் டீசல் இறங்கிப் போக அந்த வழியும் போதும்.

சோப்பு நுரை பூசிப் பார்த்துக் குமிழ் இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். உறிஞ்சும் லைனில் நுரை உள்ளேதான் போகும். டேங்குக்குள் கம்ப்ரஸர் காற்றை அடிக்கவும் விடாதீர்கள், டேங்க் உப்பிவிடும்.

இனி உயிர்ப் பிரச்சினை. நம் பக்கத்து மெக்கானிக்குகள் பலர் டிராக்டரிலும் பம்ப் செட்டிலும் கை தேர்ந்தவர்கள். செல்ஃப் அடிக்கச் சொல்லி, நாசில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்த கை அது. பழைய அம்பாசிடருக்கும் 1998-ல் வந்த முதல் இண்டிகாவுக்கும் அது சரி. காமன் ரெயில் வண்டியில் அதே கை வேலை செய்தால் ஆபத்து! அந்தக் குழாயில் 1,600 பார் வரை அழுத்தம் ஏறும். ஊசி முனை ஓட்டையிலிருந்து வரும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு சதைக்குள் போய்விடும். முதலில் வலி குறைவு, ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். அதைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்தால் விரலோ கையோ போகலாம். கசிவு தேட அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள், விரலை அல்ல. பட்டுவிட்டால் புள்ளி சின்னதாயிற்றே என்று காத்திருக்காமல் நேராகத் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடுங்கள். "அழுத்த டீசல் தோலுக்குள் போய்விட்டது" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். அது அறுவை சிகிச்சை அவசரம், டெட்டனஸ் ஊசியோடு முடிகிற காரியம் இல்லை.

தொடர்ந்து செல்ஃப் அடிப்பதும் தப்பு. மோட்டார் கருகும், பம்பும் வறளும். கொஞ்சம் அடித்து, ஆறவிட்டு, கைப் பம்பை அமுக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

"பம்ப் போயிடுச்சு சார், இறக்கணும்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் சண்டை வேண்டாம். ட்யூபில் குமிழைக் காட்டச் சொல்லுங்கள், கேன் டீசலில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டையும் பார்க்காமல் பம்பின் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.